பதின்மூன்று விதிகளா, ஒன்றே ஒன்றா?

வீட்டுக்கு விதி வகுக்க நினைத்ததும் நான் ஒரு பெரிய தாளைத்தான் தேடினேன். சீக்கிரம் எழ வேண்டும், பொறுமையாகப் பேச வேண்டும், எடுத்ததை எடுத்த இடத்தில் வைக்க வேண்டும் என்று பதினொரு வரிகள். ஃபிரிட்ஜ் கதவில் ஒட்டினேன். மூன்றாம் வாரம் அதன்மேல் மின்கட்டண ரசீது ஏறிவிட்டது.

பட்டியல் போடுவோருக்குப் பெரிய முன்னோடி, 18ஆம் நூற்றாண்டு அமெரிக்க அறிஞர் பெஞ்சமின் பிராங்க்ளின். 13 நற்பண்புகள், பண்புக்கு ஒரு பக்கம், தவறினால் அந்த நாளின் கட்டத்தில் ஒரு கறுப்புப் புள்ளி. ஆனால் அவர் வாரம் ஒரு பண்பில்தான் முழுக் கவனம் வைத்தார் என்பதைப் பலர் மறந்துவிடுகிறோம். அப்படியும் ‘ஒழுங்கு’ தனக்குக் கைகூடவில்லை என்று அவரே ஒப்புக்கொண்டார்.

இன்னொரு வழி, ‘இது நடந்தால் இதைச் செய்வேன்’ என்று ஒரே ஒரு விதியை ஒரு தருணத்தோடு முடிச்சுப் போடுவது. உளவியலாளர் பீட்டர் கோல்விட்சர் இதை விரிவாக ஆராய்ந்தவர். ‘பொறுமையாக இருப்பேன்’ என்பது வெறும் ஆசை. ‘என் குரல் உயர்ந்தால் ஒரு நிமிடம் வெளியே போய் நிற்பேன்’ என்பதை மீறினால் உடனே தெரிந்துவிடும். லண்டன் பல்கலைக்கழகக் கல்லூரியில் பிலிப்பா லாலி குழுவினர் 96 பேரிடம் நடத்திய ஆய்வில், இப்படிப்பட்ட ஒரு செயல் பழக்கமாக 18 முதல் 254 நாள் வரை ஆகலாம் என்று தெரியவந்தது. நடு அளவு 66 நாள். ஒரு நாள் தவறியதால் பெரிய கெடுதல் இல்லை. கறுப்புப் புள்ளி வைத்துக்கொண்டு நொந்துபோகிறவர்களுக்கு இது பெரிய ஆறுதல். என் ஓட்டு இந்த வழிக்கே. பட்டியல் வேண்டுமானால் ஆண்டுக்கொரு முறை முகம் பார்க்கும் கண்ணாடியாக இருக்கட்டும்.

விதியை யார் வகுப்பது என்பதில்தான் வீடு சிக்கலாகிறது. நெருப்பு, மின்சாரம், சாலை ஆகியவற்றில் பெரியவர் சொல்வதே விதி. அங்கே ஓட்டெடுப்பு கிடையாது. மற்றதில் அது செல்லுபடியாகவில்லை. சாப்பாட்டு மேசையில் கைப்பேசி கூடாது என்று நானே அறிவித்தேன். நான்காம் நாள் என்னுடையதுதான் ஒலித்தது. அலுவலக அழைப்பு என்று எடுத்தேன். மகள் ஒன்றும் சொல்லாமல் மடியிலிருந்து தன்னுடையதை எடுத்து மேசைமேல் வைத்தாள்.

அன்றிரவே உட்கார்ந்து பேசினோம். சாப்பிடும்போது எல்லாக் கைப்பேசியும் அலமாரியின் மேல்தட்டில். அவசரம் என்றால் எழுந்துபோய்ப் பேச வேண்டும். நான் எழுதி முடித்ததும் பேனாவை வாங்கிக் கடைசியில் ‘அப்பாவுக்கும்’ என்று சேர்த்தாள். அதன் பிறகு இரண்டு முறை மாட்டிக்கொண்டது நான்தான்.