கோழிகள் அடையாத கூட்டுக்கு ரூ.14,500 கொடுத்து ஏமாந்தேன்

நேற்று இரவு எங்கள் மூன்றாவது கோழியையும் மரநாய் கொண்டுபோய்விட்டது. கொல்லா மரத்தடியில் (முந்திரி மரம்தான்) கிடந்த சிறகுகளைப் பொறுக்கிக் குழியில் போட்டுவிட்டு வந்து, கையைக்கூடச் சரியாகத் துடைக்காமல் இதை எழுதுகிறேன். மரத்திலிருந்து பத்தடி தூரத்தில், இணையத்தில் விளம்பரம் பார்த்து ரூ.14,500 கொடுத்து நான் வாங்கிய மரக்கூடு காலியாக நிற்கிறது. கோழி வளர்ப்பவர்கள் கூடு வாங்கும்போது எவற்றைக் கவனிக்க வேண்டும் என்பதை விரிவாக எழுதத்தான் உட்கார்ந்தேன்; கோபம் அதற்கு எவ்வளவு இடம் கொடுக்கும் என்று தெரியவில்லை.

கன்னியாகுமரி மாவட்டம் கல்குளம் தாலுகாவில், வீட்டையொட்டிய எங்கள் சிறு விளையில் (தோட்டத்தில்) பன்னிரண்டு நாட்டுக்கோழிகளும் ஒரு சேவலும் இருந்தன. செங்கல்லும் ஓடும் கொண்டு அப்பா கட்டிய பழைய கூடு இந்த இடவப்பாதி (தென்மேற்குப் பருவ) மழையில் ஒரு பக்கம் சரிந்தது. கொத்தனாரைத் தேடினால் மழை விடட்டும் என்றார். அந்த அவசரத்தில்தான், பழையதும் புதியதுமாக எல்லாப் பொருளையும் விற்கும் ஒரு செல்பேசிச் செயலியில் அந்த விளம்பரத்தைப் பார்த்தேன்: 'புத்தம் புதிது, மருந்து ஏற்றிய ரப்பர் பலகை, பதினைந்து கோழிகள் தங்கலாம்.' மருந்து ஏற்றாத ரப்பர் பலகையைப் பூஞ்சையும் துளைக்கும் வண்டும் எவ்வளவு விரைவில் தின்றுவிடும் என்பது எங்கள் ஊர்ப்பக்கம் எல்லோருக்கும் தெரியும் என்பதால், அந்த ஒரு வரியே விற்பவர் விவரம் தெரிந்தவர் என்று என்னை எண்ண வைத்தது.

தொலைபேசியில் பேசியபோது, "அண்ணாச்சி, நானும் நம்ம மாவட்டக்காரன்தான், உங்ககிட்ட ஏமாத்திட்டு நான் எங்க போவேன்?" என்றார். நான் விழுந்த இடம் அதுதான். ஒரு காணொளியும் அனுப்பினார். மாலை மங்கலில் வெள்ளைக் கோழிகள் ஒன்றன்பின் ஒன்றாகப் பலகைச் சரிவில் ஏறிக் கூட்டுக்குள் போயின. அதை அம்மையிடம் காட்டி இருவரும் இரண்டு முறை பார்த்தோம். அன்றிரவே ரூ.5,000 முன்பணம் அனுப்பினேன்.

கூடு வந்து சேர்ந்தது கொட்டும் மழையில், இருட்டுகிற நேரத்தில். மீதி ரூ.9,500 வந்தால்தான் இறக்க முடியும், வேறு வாடகை இருக்கிறது என்று டெம்போ ஓட்டுநர் நின்றார். விற்பவரும் தொலைபேசியில் அதையே சொன்னார். குடையைப் பிடித்துக்கொண்டே பணத்தை அனுப்பினேன். உள்ளே ஒரு டார்ச் அடித்துப் பார்க்கவில்லை, பில் கேட்கவில்லை. அந்த ஐந்து நிமிட அவசரத்தின் விலைதான் ரூ.14,500.

புதிய இடம் பழகுவதற்காக முதல் ஐந்து நாள் கோழிகளைக் கூட்டிலேயே அடைத்து வைத்தோம். அது சரியான முறைதான், கோழிகள் அப்படித்தான் தங்கும் இடத்தை மனத்தில் பதித்துக்கொள்ளும். ஆறாம் நாள் மாலை திறந்துவிட்டுப் பார்த்தால், சேவல் வாசல்வரை வந்து கழுத்தை நீட்டிப் பார்த்துவிட்டுத் திரும்பி நேராகக் கொல்லா மரத்தில் ஏறியது. பின்னால் எல்லாக் கோழிகளும் ஏறின. ஒவ்வொன்றாகப் பிடித்து உள்ளே விட்டால் இரவெல்லாம் காலை மாற்றி மாற்றி வைத்து, கொத்திக்கொண்டு, கொக்கரித்துக்கொண்டே இருந்தன. விடியற்காலையில் கதவைத் திறந்ததும் முட்டி மோதி வெளியே பாய்ந்தன.

விற்பவரை அழைத்தேன். பெயின்ட் வாசம், ஒரு வாரத்தில் போய்விடும் என்றார். ஒரு வாரம் பொறுத்தேன். பிறகு உள்ளே இருட்டாக இருக்கும், சிறிய விளக்கு போடுங்கள் என்றார். கோழிக்கு இருட்டில் கண் சரியாகத் தெரியாது என்பதால் அதிலும் நியாயம் இருப்பதுபோலத் தோன்றியது, போட்டேன், பயனில்லை. உட்காரும் கம்பு முட்டையிடும் பெட்டியைவிடத் தாழ்வாக இருந்தால் கோழிக்குப் பிடிக்காது என்று கேள்விப்பட்டுக் கம்பை நானே உயர்த்தினேன். எச்சத்தின் நெடி தேங்கினாலும் கோழி உள்ளே போகாது என்பதால் மேலே இரண்டு காற்றுத் துளைகள் போட்டேன். பாம்போ எலியோ புகுந்திருக்குமோ என்று அடிப்பலகையைத் தூக்கியும் பார்த்தேன். நாலாவது அழைப்பில் அவர் சிரித்துக்கொண்டே, "நாட்டுக்கோழி அப்படித்தான் அண்ணாச்சி, மரம் ஏறுற சாதி" என்றார். பத்து வருடம் அப்பாவின் கூட்டில் தவறாமல் அடைந்த கோழிகளும் அவற்றின் குஞ்சுகளும் இப்போது திடீரென்று மரம் ஏறும் சாதியாகிவிட்டனவாம்.

இதற்கிடையில், கூட்டிலிருந்த பெட்டியில் பதினொரு முட்டைகளின்மேல் அடைகாத்துக்கொண்டிருந்த கோழி பதினான்காம் நாள் முட்டைகளைக் கைவிட்டு எழுந்துவிட்டது. இன்னும் ஏழு நாளில் குஞ்சு பொரித்திருக்கும். அதன் கொண்டை வெளுத்துச் சாம்பல் பூத்ததுபோல இருந்தது. மூன்றாம் நாள் செத்தது. "கோழிக்கு வழி தெரியாமலா போகாம இருக்கு மக்களே, உள்ள என்னமோ கெடக்கு" என்று அம்மை அன்றுதான் உறுதியாகச் சொன்னார்.

இரவு பத்து மணிக்கு டார்ச்சோடு போனோம். கம்பு பலகையில் சேரும் இடத்தின் அடியில் அம்மை ஒரு வெள்ளைத் துணியை வைத்து அழுத்தி இழுத்தார். துணியில் இரத்தக் கோடு. கோழிச் செள்ளு. பகலில் இடுக்குகளில் ஒளிந்திருந்து, இரவில் மட்டும் வெளியே வந்து தூங்கும் கோழியின் இரத்தத்தைக் குடித்துவிட்டுத் திரும்பும் சிவப்புச் செள்ளு அது. இரத்தம் குடிக்காதபோது சாம்பல் நிறமாக இருப்பதால், பகலில் பார்த்த எனக்கு அது மரத்தூளாகவே தெரிந்திருந்தது. வெப்பமான காலத்தில் ஒரு வாரம், பத்து நாளிலேயே முட்டையிலிருந்து முழுப்பூச்சியாகிவிடும். கோழியே இல்லாத கூட்டிலும் மாதக்கணக்கில் பட்டினி கிடந்து உயிரோடு இருக்கும். இரவெல்லாம் கடிபட்ட கோழி மறுநாள் அதே இடத்துக்கு எப்படிப் போகும்? கோழிகள்மீது எரிச்சல்பட்ட நாள்களை நினைத்து வெட்கமாக இருந்தது.

மறுநாள் காலையில் கம்பைக் கழற்றினேன். வெளியே அடித்திருந்த பச்சைப் பெயின்டுக்குக் கீழே பழைய நீலப் பெயின்ட். இடுக்கில் கல்லாய் இறுகிப்போன பழைய எச்சம். உட்பக்கக் கதவில் கரியால் எழுதிய ஓர் எண். புத்தம் புதிய கூடாம்! ஏதோ பண்ணையிலிருந்து கழித்துப் போட்டதை வெளிப்புறம் மட்டும் பெயின்ட் அடித்து, செள்ளோடு சேர்த்து ரூ.14,500-க்கு என் தலையில் கட்டியிருக்கிறார்.

படங்களை அனுப்பினேன். பார்த்ததற்கான நீலக்குறி விழுந்தது. பதில் மாலையில் வந்தது: 'பூச்சி உங்கள் கோழியிலிருந்து வந்தது.' அப்படியானால் நீலப் பெயின்டும் என் கோழியிலிருந்து வந்ததா என்று கேட்டேன். அதன்பின் என் எண்ணை முடக்கிவிட்டார். செயலியில் புகார் கொடுத்தால், வாங்குபவருக்கும் விற்பவருக்கும் இடையிலான பரிவர்த்தனைக்குத் தாங்கள் பொறுப்பல்ல என்ற ஒரே வாக்கியம் மூன்று முறை வந்தது. மனிதர் யாரும் பேசவில்லை. பண்டத்தைக் காட்டிக் காசு வாங்க வழி அமைத்துக் கொடுத்தவருக்குப் பொறுப்பே இல்லையென்றால், பின் யாருக்கு இருக்கிறது?

கால்நடை மருத்துவர் எழுதிக் கொடுத்த மருந்தைக் காலிக் கூட்டில் தெளித்திருக்கிறேன். செள்ளின் முட்டைகளை மருந்து கொல்லாது என்பதால் ஒரு வாரம் கழித்து மீண்டும் தெளிக்க வேண்டும். கோழிகள் நம்பி எப்போது திரும்பும் என்று சொல்ல முடியாது.

விரிவாக எழுத மனமில்லை, சுருக்கமாகச் சொல்கிறேன். பகலில் இறக்கச் சொல்லுங்கள். மழையென்றால் மறுநாள் வரச் சொல்லுங்கள். கம்பைக் கழற்றி இடுக்கைப் பார்க்காமல் மீதிப் பணத்தைக் கொடுக்காதீர்கள். பில் இல்லாமல் வாங்காதீர்கள். ஏமாந்துவிட்டால் 1915 என்ற நுகர்வோர் உதவி எண்ணில் உடனே பதிவு செய்யுங்கள். நாகர்கோவிலில் உள்ள மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் ஐந்து லட்சம் வரையிலான வழக்குக்குக் கட்டணம் இல்லை, இரண்டு ஆண்டுக்குள் கொடுக்கலாம். கையில் பில் இல்லாத நான், பணம் அனுப்பிய பதிவையும் அந்த விளம்பரப் படத்தையும் எடுத்துக்கொண்டு திங்கட்கிழமை போகிறேன்.

இன்று மதியம் அதே செயலியில் அதே காணொளி வேறு பெயரில் வந்திருக்கிறது. அதே வெள்ளைக் கோழிகள், அதே பலகைச் சரிவு, 'புத்தம் புதிது'. விலை மட்டும் ரூ.13,500 ஆகக் குறைந்திருக்கிறது.