பிரிய வேண்டிய இடத்தில் பிரிந்தது: என் டபுள் பாஸ் பழுதுபார்ப்பு அனுபவம்

பெரம்பூரில் எங்கள் வீட்டு மாடிப்படி வளைவில் டபுள் பாஸ், அதாவது வயலின் போன்ற வடிவில் நிற்க வைத்து வாசிக்கும் பெரிய வாத்தியம், லேசில் திரும்பாது. ஆறடி உயரம். கழுத்தை முன்னால் விட்டு, இரண்டு பேர் சாய்த்துப் பிடித்துத்தான் இறக்க வேண்டும். அதனால் ஏதாவது பழுது என்றால், ‘இன்னும் ஒரு மாதம் ஓட்டலாம்’ என்றுதான் முதலில் தோன்றும். அப்படி ஓட்டி ஓட்டி, 2022 கோடையில் முன்பலகையில் ஒன்றரைச் சாண் நீளத்துக்கு வெடிப்பு விழுந்தது. அதற்குப் பிறகே ஆள் தேடினேன்.

அதற்கு முன் ஒருவரிடம் கொடுத்திருந்தேன். பெயர் வேண்டாம். கிட்டார் நன்றாகப் பார்ப்பார். பாஸின் அடிப்பக்கத்தில் முன்பலகை பக்கப்பலகையிலிருந்து பிரிந்திருந்தது. தச்சுப்பட்டறை வெள்ளைப் பசையைத் தாராளமாக ஊற்றி இறுக்கி, அரை நாளில் திருப்பிக் கொடுத்துவிட்டார். எனக்கும் அப்போது மகிழ்ச்சிதான். அடுத்த கோடையில் குளிரூட்டிய அறையில் மரம் சுருங்கியது. ஒட்டு அசையவில்லை, பலகை வெடித்தது.

விசாரித்த இடங்களில் பாதிப் பேர் வாத்தியத்தின் படத்தைப் பார்த்ததுமே கையை விரித்தார்கள். பெங்களூருக்கு அனுப்பச் சொன்னார் ஒருவர், அனுப்பும் செலவைச் சொல்லாமல். கடைசியில் எங்கள் தேவாலயப் பாடற்குழுவில் வயலின் வாசிக்கும் அக்காதான் பழைய வண்ணாரப்பேட்டைச் சந்தில் இருக்கும் பெரியவரைச் சொன்னார். திரைப்பட ஒலிப்பதிவுக்கு வரிசை வரிசையாக வயலின்கள் போன காலத்தில் அவற்றைப் பழுது பார்த்தவர். பெயர்ப்பலகை கிடையாது. கீழே துணிக்கடைக் கிடங்கு, மேலே அவருடைய பட்டறை.

பாஸை எடுத்துப் போனதும் அவர் தந்தியைத் தொடவே இல்லை. விரல் முட்டியால் விளிம்பைச் சுற்றித் தட்டிக்கொண்டே வந்தார். ஒட்டு விட்ட இடத்தில் சத்தம் உடைந்து கேட்கும், எனக்கே கேட்டது. பிறகு சிறிய கண்ணாடியையும் விளக்கையும் உள்ளே விட்டுப் பார்த்தார். “ஒட்டியவர் நல்ல தச்சர் தம்பி. நாற்காலி என்றால் அசையவே அசையாது” என்றார்.

அவர் பயன்படுத்துவது வச்சிரப் பசை. விலங்குத் தோலைக் காய்ச்சி எடுப்பது. வெந்நீர்ப் பாத்திரத்துக்குள் இன்னொரு பாத்திரம் வைத்து மெல்லச் சூடேற்றுவார், கொதிக்க விடமாட்டார். இறுகிய பின் நன்றாகப் பிடிக்கும். ஆனால் மரம் தாங்க முடியாமல் இழுக்கும்போது, மரம் உடைவதற்கு முன் ஒட்டு விட்டுக்கொடுக்கும். நாளை வேறொருவர் திறக்க வேண்டுமென்றாலும், ஈரமும் சூடும் கொடுத்து மெல்லிய கத்தியை நுழைத்தால் போதும். முந்தைய வெள்ளைப் பசையை எடுப்பதற்கு மட்டும் அவருக்கு ஒரு வாரம் ஆனது. அப்படியும் சிம்பு சிம்பாக மரம் பெயர்ந்து வந்தது. வெடிப்பை ஒட்டி, உள்பக்கம் அதன் குறுக்கே சிறு மரத்துண்டுகளைப் பதித்தார்.

அடுத்து, உள்ளே நிற்கும் சவுண்ட் போஸ்ட். முன்பலகைக்கும் பின்பலகைக்கும் நடுவே, பசையே இல்லாமல் இறுக்கத்தால் மட்டும் நிற்கும் குச்சி. இத்தாலியிலும் பிரான்சிலும் இதற்கு ‘உயிர்’ என்றே பெயர். தந்திகளைத் தாங்கும் மரத்துண்டான குதிரையின் ஒரு காலுக்குச் சற்றுப் பின்னால், மெல்லிய தந்தியின் பக்கம் நிற்க வேண்டும். என்னுடையது சாய்ந்து கிடந்தது. வயலினுக்குரிய வளைந்த கருவி இதற்கு எட்டவில்லை. பக்கத்து லேத் பட்டறையில் இரும்புக் கம்பியை வளைக்கச் சொல்லி, புதிதாக ஒன்று செய்துகொண்டார். அரை அங்குலம்கூட இருக்காது, அதை நகர்த்தியதும் கீழ்த் தந்தியின் முனகல் போய்க் குரல் வந்தது. மிகைப்படுத்தவில்லை.

குறைகளும் சொல்ல வேண்டும். இரண்டு வாரம் என்றவர் ஏழு வாரம் எடுத்தார். ரசீது கிடையாது. மொத்தம் 18,000 ரூபாய் ஆனது. அவர் பாஸ் வாசிப்பவர் அல்லர். முதலில் செதுக்கிய குதிரை மிகவும் தாழ்வு. தடித்த தந்தியை விரலால் இழுத்தாலே கைப்பலகையில் அடித்தது. நான் முன்னால் உட்கார்ந்து வாசித்துக் காட்டிய பிறகு, காசு கேட்காமல் இன்னொன்று செதுக்கினார். நீங்கள் கொடுத்தால், பக்கத்தில் உட்கார்ந்து வாசித்துக் காட்டுங்கள். எந்தத் தந்தி வாங்கலாம் என்றும் அவரிடம் கேட்காதீர்கள். வயலினைப் பற்றியே பேசுவார்.

உண்மையான சோதனை 2023 டிசம்பரில், மிக்ஜாம் புயலோடு வந்தது. எங்கள் தெருவில் முழங்கால் தண்ணீர். மின்சாரம் இல்லை. மாடியில் இருந்த பாஸ் நனையவில்லை, ஆனால் நாள்கணக்கில் ஈரக்காற்றில் நின்றது. வெயில் வந்த பிறகு பார்த்தால், அடிப்பக்கத்தில் அதே இடம் ஓர் அங்குலம் பிரிந்திருந்தது. வெடிப்பு எங்கும் இல்லை. பழைய வெடிப்பும் திறக்கவில்லை. “பசை தன் வேலையைச் செய்திருக்கிறது” என்றார் பெரியவர் போனில். ஆனால் உடனே கொண்டு வர வேண்டாம் என்றுவிட்டார், காற்றில் ஈரம் இருக்கும்போது பசை சரியாக உலராதாம். தை பிறந்து எடுத்துப் போனேன். ஒரே நாளில் முடிந்தது, 1,500 ரூபாய்.

அன்று இன்னொன்றும் கேட்டேன். ஈரம் ஏறினால் முன்பலகை உப்பித் தந்திகளை உயர்த்திவிடுகிறது, ஐப்பசி வந்தால் இடது கை வலிக்கிறது என்றேன். சிரித்துக்கொண்டே அலமாரியைத் துழாவி, அந்தத் தாழ்ந்த குதிரையை எடுத்துக் கொடுத்தார். தூக்கிப் போடாமல் வைத்திருந்திருக்கிறார். இப்போது மழைக்காலத்துக்கு அது, மற்ற மாதங்களுக்கு உயர்ந்தது. மாற்றும்போது நான்கு தந்திகளையும் ஒரேயடியாகத் தளர்த்திவிடாதீர்கள். நூறு கிலோவுக்கு மேல் இருக்கும் அந்த இழுப்பு போய்விட்டால், உள்ளே குச்சி விழுந்துவிடும். பாஸைப் படுக்க வைத்து, அடியில் ஒரு போர்வை விரித்து, கொஞ்சம் கொஞ்சமாகத்தான் தளர்த்துகிறேன். ஒரு மணி நேரம் ஆகிறது.