மன அதிர்ச்சிக்கு இணையவழி ஆலோசனை: வேலூர், ராணிப்பேட்டைத் தொழிலாளர் குடும்பங்களுக்கு ஓர் எச்சரிக்கை

வேலை செய்யும் இடத்தில் கண்ணெதிரே ஒரு சாவைப் பார்த்துவிட்டு, அதன் பிறகு தூக்கமில்லாமல் தவிக்கும் ஒருவர் உங்கள் வீட்டிலும் இருக்கலாம். அவருக்காக, கைபேசிக்கு வரும் ஆலோசனை விளம்பரங்களுக்குப் பணம் கட்டும் முன் இதை முழுவதும் படித்துவிடுங்கள். நாங்கள் பணம் கட்டிய நிறுவனத்தின் பெயரை எழுதவில்லை, புகார் இன்னும் முடியவில்லை. எங்களுக்கு நடந்தது எப்படி நடந்தது என்று மட்டும் சொல்கிறேன்.

என் அண்ணன் ராணிப்பேட்டைப் பக்கம் ஒரு தோல் தொழிற்சாலையில், கழிவுநீர்ப் பிரிவில் ஒப்பந்தக் கூலி. அடைப்பு எடுக்கத் தொட்டியில் இறங்கிய அவருடைய கூட்டாளி மேலே வரவில்லை. கையைப் பிடித்துத் தூக்கக் குனிந்த அண்ணனை மற்றவர்கள் இடுப்பைப் பற்றிப் பின்னால் இழுத்ததால் அவர் பிழைத்தார். தோல் வேலை தெரிந்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. முடி நீக்க சோடியம் சல்பைடு போடுகிறார்கள். அந்தத் தண்ணீர் அமிலத் தண்ணீரோடு தொட்டியில் கலந்தால் ஹைட்ரஜன் சல்பைடு வாயு கிளம்பும். முதலில் அழுகிய முட்டை நாற்றம் அடிக்கும். வாயு கூடிவிட்டால் மூக்கு மரத்து நாற்றமே தெரியாமல் போகும், ஆபத்து விலகிவிட்டது என்று மனிதன் நினைத்துக்கொள்வான். 2015 ஜனவரி இறுதியில் ராணிப்பேட்டை சிப்காட் தொழிற்பேட்டையில் கழிவுச் சேற்றுத் தொட்டியின் சுவர் இடிந்து 10 தொழிலாளர்கள் இறந்ததை நாம் யாரும் மறந்திருக்க மாட்டோம். இப்படி ஒவ்வொரு முறையும் இறந்தவர்களை எண்ணுகிறார்கள், இழப்பீடு பற்றிப் பேசுகிறார்கள். பக்கத்தில் நின்று பார்த்துவிட்டு அடுத்த ஷிப்டுக்குப் போனவர்களிடம், நீ தூங்குகிறாயா என்று கேட்க ஆளில்லை.

அண்ணன் தூங்கவில்லை. வீட்டில் முட்டை வேக வைத்தால் தெருவுக்கு ஓடிவிடுவார். சாக்கடை வாரும் நாளில் கை கால் நடுங்கித் திண்ணையிலேயே உட்கார்ந்துவிடுவார். தொழிற்சாலை வாசல் வழியாகப் போகும் பஸ்ஸில் ஏறாமல் சுற்றிக்கொண்டு நடப்பார். ஒரு நாள் அண்ணி பின்னாலிருந்து தோளைத் தொட்டதற்குக் கையை ஓங்கிவிட்டார், பிறகு அதை நினைத்து வெகுநேரம் அழுதார்.

அந்த நேரத்தில்தான் ஆள் எடுக்கும் மேஸ்திரி ஒரு விளம்பரத்தை எல்லோருக்கும் அனுப்பினார். உழைக்கும் மக்களுக்கென்றே தொடங்கப்பட்ட சேவையாம். தமிழிலும் ஆங்கிலத்திலும் பேசுவார்களாம், எல்லாம் ரகசியமாம், தேவைப்பட்டால் விடுப்புச் சான்றும் தருவார்களாம். முதல் அமர்வு 499 ரூபாய்.

அமர்வு நேரம் காலை பத்து முதல் மாலை ஐந்து வரைதான். உழைக்கும் மக்களுக்கென்று சொல்லிக்கொண்டவர்கள் உழைக்கிற நேரத்தைத்தான் வைத்திருந்தார்கள். அண்ணன் ஒரு நாள் கூலியை விட்டுவிட்டு உட்கார்ந்தார். ஒற்றை அறை வீடு. திண்ணையில் பீடி சுற்றும் பெண்களின் காதில் விழாதபடி அண்ணி கதவைச் சாத்திவிட்டுப் பிள்ளைகளை வெளியே அனுப்பினார். என்னை உடன் இருக்கச் சொன்னார்கள். முதலில் ஆங்கிலத்தில் பக்கம் பக்கமாக ஒரு ஒப்புதல் படிவம் வந்தது. அதன் அடியில் உள்ள பொத்தானை அழுத்தினால்தான் திரை திறந்தது.

திரையில் வந்தவருக்குத் தமிழ் தெரியாது. நலமா என்று கேட்கும் அளவுக்குச் சில சொற்கள் வைத்திருந்தார், அவ்வளவுதான். மொழிபெயர்க்க இன்னொரு பெண் இணைந்தார், அவர் முகம் தெரியவில்லை. அண்ணனின் தூக்கத்தைப் பற்றியோ, சாப்பாட்டைப் பற்றியோ, குடிக்கிறாரா என்றோ, சாக வேண்டும் என்று தோன்றுகிறதா என்றோ அவர்கள் கேட்கவில்லை. எடுத்த எடுப்பில், அன்று நடந்ததை ஆரம்பம் முதல் ஒன்று விடாமல் சொல்லுங்கள் என்றார்கள்.

அண்ணன் சொன்னார். யாரிடமும் வாய் திறக்காத மனிதர், கேட்டவர்கள் டாக்டர்கள் என்று நம்பிச் சொன்னார். அவர் நெடுநேரம் சொன்னதை மொழிபெயர்த்தவர் ஒரே வரியில் முடித்தார். ஷூ கம்பெனி அலுவலகத்தில் வேலை செய்யும் எனக்கு அந்த அளவு ஆங்கிலம் புரியும். கூட்டாளியின் கையைப் பிடித்ததும், அந்தக் கை வழுக்கியதும் அந்த வரியில் இல்லை. "வேலையில் ஒரு விபத்து, பயந்திருக்கிறார்" என்பதுதான் திரையில் இருந்தவரிடம் போய்ச் சேர்ந்தது. இடையில் படம் நின்று நின்று வந்தது, அண்ணன் அதே இடத்தை மறுபடி சொல்ல வேண்டியிருந்தது. கை வழுக்கிய இடத்திற்கு அவர் மூன்றாம் முறை வந்தபோது நேரம் முடிந்து திரை தானாக அணைந்துவிட்டது. நன்றி சொல்லி, எத்தனை நட்சத்திரம் தருவீர்கள் என்று கேட்டு ஒரு பக்கம் வந்தது. அண்ணன் அந்தக் கையை நீட்டியபடியே உட்கார்ந்திருந்தார்.

அன்றிரவு முதல் அவர் நிலை முன்பைவிட மோசமானது. நானும் அவனோடு போயிருக்கலாம் என்று அண்ணியிடம் சொல்லத் தொடங்கினார். பதறிப்போய் அந்தச் சேவைக்குச் செய்தி அனுப்பினோம். மூச்சுப் பயிற்சி பற்றிய ஓர் ஆங்கில வீடியோ தானாக வந்து விழுந்தது. வேறு பதில் இல்லை. அடுத்த அமர்வில் வேறொருவர் வந்து, முதலிலிருந்து சொல்லுங்கள் என்றார். அண்ணன் கைபேசியை அண்ணியிடம் கொடுத்துவிட்டு எழுந்து போய்விட்டார்.

இதைவிடக் கொடுமை, கொஞ்ச நாள் கழித்து மேஸ்திரி எல்லோர் முன்னிலையிலும், "உனக்குத் தொட்டி என்றாலே பயமாமே" என்று கேட்டதுதான். படிவத்தை ஒரு தெரிந்த வழக்கறிஞரிடம் காட்டினோம். பரிந்துரைத்தவருடன் 'முன்னேற்ற விவரங்களை'ப் பகிர்ந்துகொள்ளலாம் என்று உள்ளே ஒரு வரி இருந்தது. ரகசியம் என்று தமிழில் விளம்பரம், ரகசியம் இல்லை என்று ஆங்கிலத்தில் ஒப்பந்தம். 2017ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டம், நோயாளியின் விவரங்கள் ரகசியமாகக் காக்கப்படுவதை அவருடைய உரிமையாகவே சொல்கிறது. அதைத்தான் புகாரில் முதலில் எழுதியிருக்கிறோம்.

பணம் போன கதை சிறியது. 499 ரூபாய் கட்டும்போதே யு.பி.ஐ.யில் தானியங்கிப் பிடித்தத்துக்கும் அனுமதி வாங்கியிருக்கிறார்கள். அமர்வே இல்லாத மாதங்களிலும் 2,999 ரூபாய் போனது. இதை நிறுத்த அவர்களிடம் கெஞ்ச வேண்டாம். நீங்கள் பணம் அனுப்பும் செயலியிலேயே ஆட்டோபே பகுதிக்குப் போய் ரத்து செய்யலாம். தேசிய நுகர்வோர் உதவி எண் 1915இல் புகார் பதிந்த பிறகு ஒரு மாதத் தொகை திரும்பியது. விடுப்புச் சான்று ஒன்றையும் அனுப்பினார்கள், தொழிற்சாலை அலுவலகம் அதைக் கையில்கூட வாங்கவில்லை. இ.எஸ்.ஐ. என்ற தொழிலாளர் காப்பீட்டு அட்டை உள்ளவர்கள் இ.எஸ்.ஐ. மருத்துவரிடம்தான் சான்று பெற வேண்டும். மனநோய்க்கும் அது உண்டு, நிபந்தனைகள் பொருந்தினால் ஆண்டுக்கு 91 நாள் வரை 70 சதவீதச் சம்பளம் கிடைக்கும்.

அண்ணனை அடுக்கம்பாறை அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையின் மனநலப் பிரிவுக்கு அழைத்துப் போனோம். திருவண்ணாமலை சாலையில் போகும் பஸ் வாசலிலேயே நிற்கும். அங்கே முதல் நாள் மருத்துவர் தொட்டியைப் பற்றி ஒரு வார்த்தையும் கேட்கவில்லை. தூக்கம், பசி, குடி, சாகும் எண்ணம், வீட்டில் யார் துணை என்று கேட்டார். நினைவு திரும்பத் திரும்ப வந்து மோதுவது, அதை நினைவூட்டும் எதையும் விட்டு ஒதுங்குவது, உடம்பு எப்போதும் ஆபத்தை எதிர்பார்த்து நிற்பது ஆகியவை ஒரு மாதத்துக்கு மேல் நீடித்தால் அது பி.டி.எஸ்.டி., அதாவது பேரதிர்ச்சிக்குப் பின் வரும் மனநோயாக இருக்கலாம் என்று அண்ணிக்கும் புரியும்படி விளக்கினார். நடந்ததைச் சொல்ல வைப்பதும் சிகிச்சையின் ஒரு பகுதிதானாம். ஆனால் முதலில் பதற்றத்தை அடக்கக் கற்றுக்கொடுத்து, என்ன செய்யப் போகிறோம் என்று சொல்லி, சம்மதம் கேட்டு, ஒரே ஆள் தொடர்ந்து இருந்து, சொல்லி முடித்தவரை நிதானத்துக்குக் கொண்டுவந்த பிறகே வீட்டுக்கு அனுப்ப வேண்டும் என்றார். பொதுவாக 8 முதல் 12 அமர்வுகள் வரை ஆகும். உலக சுகாதார நிறுவனம் 2013இல் பரிந்துரைத்த, எண்ணங்களையும் நடத்தையையும் பேசிப் பேசி மாற்றும் அறிவாற்றல் நடத்தைச் சிகிச்சையும், இ.எம்.டி.ஆர். என்ற கண் அசைவு முறையும் இப்படிப் படிப்படியாகச் செய்யப்படுபவை. புண்ணைக் கீறிவிட்டுக் கட்டுப்போடாமல் எழுந்து போனவர்களிடம் நாங்கள் மாட்டியிருந்தோம்.

இணையவழி என்பதாலேயே தவறு என்று நான் சொல்லவில்லை. கூலியை விட்டுவிட்டு வர முடியாதவர்களுக்கும் வெளியே தெரிந்துவிடுமோ என்று அஞ்சும் பெண்களுக்கும் அது தேவை. மத்திய அரசு 2022 அக்டோபரில் தொடங்கிய டெலி மானஸ் என்ற தொலைபேசி மனநலச் சேவையின் 14416 எண்ணில் இரவும் பகலும் தமிழில் பேசலாம், காசு இல்லை. தமிழக அரசின் 104 மருத்துவ உதவி எண்ணும் இருக்கிறது. சாகும் பேச்சு வந்துவிட்டால் செயலியைத் தேடிக்கொண்டிருக்காமல் உடனே இவற்றில் ஒன்றை அழையுங்கள்.

தனியாரிடம்தான் போவதென்றால் பணம் கட்டும் முன் பேசப் போகிறவரின் பெயரைக் கேளுங்கள். மருத்துவ உளவியலாளர் என்றால் இந்திய மறுவாழ்வுக் குழுமத்தின் பதிவு எண் இருக்க வேண்டும். மனநல மருத்துவர் என்றால் மருத்துவக் கவுன்சில் பதிவு எண்ணை, 2020ஆம் ஆண்டின் தொலை மருத்துவ வழிகாட்டுதலின்படி, மருந்துச் சீட்டிலும் ரசீதிலும் காட்டியாக வேண்டும். எங்களிடம் பேசியவர்கள் 'நல்வாழ்வுப் பயிற்சியாளர்கள்' என்பது புகாருக்கு வந்த பதிலில்தான் தெரிந்தது. பேசப் போகிறவரே தமிழில் பேசுவாரா, ஒவ்வொரு முறையும் அவரே வருவாரா என்று கேளுங்கள். படிவத்தைத் தமிழில் கேளுங்கள். கொடுக்க மறுத்தால் அங்கேயே நிறுத்திக்கொள்ளுங்கள். மேஸ்திரியோ முதலாளியோ அனுப்பிய இணைப்பாக இருந்தால், உங்கள் பேச்சு அவர்களுக்குப் போகாது என்று எழுத்தில் வாங்குங்கள்.

வேலூர் மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்கு நாங்கள் மனு தயாரித்துக்கொண்டிருக்கிறோம். 5 லட்சம் ரூபாய்க்குள் கட்டிய தொகைக்கு மனுக் கட்டணம் கிடையாது. இதே மாதிரி சேவையில் ஏமாந்தவர்கள் செயலியைக் கோபத்தில் நீக்கிவிடாதீர்கள். முதலில் பணம் போன பதிவுகள், ஒப்புதல் படிவம், அவர்கள் அனுப்பிய செய்திகள் எல்லாவற்றையும் படமெடுத்து வைத்துக்கொண்டு, அதன் பிறகு நீக்குங்கள்.