வயலை ஏரியாக்குவதா, ஏரிக்கரையில் வயலைப் புல்வெளியாக்குவதா?

ஏரி, படகு, கரையெல்லாம் கூடாரம் என்று விளைநிலத்தைப் பொழுதுபோக்கு இடமாக்கத் திட்டம் போடுகிறவர்களிடம் நான் முதலில் கேட்பது ஒன்றுதான்: மேல்மண்ணை என்ன செய்யப் போகிறீர்கள்?

ஆண்டுக்கணக்கில் உரம் போட்ட நிலத்தின் மேல்மண்ணில் பாஸ்பரஸ் சேர்ந்து கிடக்கும். அதில் பெரும்பங்கை மண்ணிலுள்ள இரும்பு பிடித்து வைத்திருக்கும். மேலே தண்ணீர் நின்று அடியில் ஆக்சிஜன் தீர்ந்தால் அந்தப் பிடி தளர்ந்துவிடும். பாஸ்பரஸ் நீரில் கலக்கும், நீலப்பச்சைப் பாசி பெருகும். குளிக்க வந்தவர்களைக் கரையிலேயே நிறுத்த வேண்டியதுதான்.

முதல் வழி, பெரிய அளவில் அணை கட்டி வயலை மூழ்கடிப்பது. இங்கிலாந்தின் ரட்லண்ட் வாட்டர் ஏரி இதற்கு நல்ல உதாரணம். 1970களில் குவாஷ் ஆற்றுப் பள்ளத்தாக்கில் குடிநீருக்காகக் கட்டினார்கள். பொழுதுபோக்கு கூடவே வந்தது. நெதர் ஹாம்பிள்டன் என்ற சிற்றூர் போயே போனது. நார்மன்டன் தேவாலயத்தை மட்டும், கீழ்ப்பாதியைக் கல்லால் நிரப்பி, சுற்றிலும் கரை எழுப்பிக் காப்பாற்றினார்கள். இன்று தண்ணீரின் ஓரத்தில் அதன் மேல்பாதி மட்டும் நிற்கிறது. பாய்மரப் படகு, மீன்பிடிப்பு, சைக்கிள் பாதை, 1996 முதல் கொண்டுவந்து விட்ட விராலடிப்பான் பறவைகள் என எல்லாம் அங்கே உண்டு. ஆனால் 1989 கோடையில் பாசி பெருகி, அந்த நீரைக் குடித்த ஆடுகளும் நாய்களும் செத்தன. வயல்களின் வடிநீர் கலக்கும் ஆறுகளிலிருந்து பம்ப் செய்து நிரப்பும் ஏரி அது. பொழுதுபோக்குக்காக மட்டும் இந்த வழியில் யாரும் இறங்கக் கூடாது என்பேன்.

இரண்டாவது வழி, சரளை எடுத்த குழியில் நிலத்தடி நீரை நிரம்பவிடுவது. தேம்ஸ் ஆற்றின் தலைப்பகுதியில் உள்ள கோட்ஸ்வோல்டு வாட்டர் பார்க்கில் 150க்கும் மேற்பட்ட ஏரிகள் இப்படி உருவானவை. சரளையை எடுக்கும் முன்பே மேல்மண்ணை வழித்துவிட வேண்டும் என்பதால் உரத்தின் பாரமும் அதோடு போய்விடும். அங்கே நீரில் சுண்ணாம்பும் அதிகம். அது பாஸ்பரஸைப் பிடித்து அடியில் படியவைப்பதால் பல ஏரிகளில் தண்ணீர் தெளிவாக இருக்கிறது. சரளை விற்ற பணம் தோண்டும் செலவுக்கும் உதவும். ஆபத்து கரையில் இருக்கிறது. இரண்டடி எடுத்து வைத்தால் ஆள் மூழ்கும் ஆழம். தண்ணீர் ஏறுவதற்குள், இயந்திரம் அங்கே நிற்கும்போதே சரிவைத் தட்டையாக்கிவிட வேண்டும்.

மூன்றாவது, எனக்குப் பிடித்த வழி: பக்கத்தில் ஏற்கெனவே ஏரி இருந்தால் வெட்டவே வேண்டாம், கரையோர வயலைப் புல்தரையாக்கினால் போதும். உழவும் உரமும் நின்றாலே ஏரிக்குப் போகும் வண்டல் குறையும். நாளைக்கு வேண்டாம் என்றால் மறுபடி ஏர் பூட்டலாம். மற்ற இரண்டிலும் அது முடியாது. இந்த வழியில் கெடுதல் வருவது கார் சக்கரத்தாலும் கழிவுநீராலும். மழை பெய்த களிமண்ணில் ஒரே வார இறுதியில் புல் போய்ச் சேறு வந்துவிடும். வண்டிகளை மேட்டிலேயே நிறுத்திவிட்டு, கூடாரத்துக்கும் தண்ணீருக்கும் நடுவே நாணல் அடர்ந்த பட்டை ஒன்றை விட்டுவைக்க வேண்டும்.

இல்லை, வெட்டியே தீருவேன் என்பவர்கள் முதலில் சோதனைக் குழி ஒன்றைத் தோண்டி, உள்ளே அளவுகோல் நட்டு, மாதாமாதம் நீர்மட்டத்தைக் குறித்து வாருங்கள். ஒரு மழைக்காலமும் ஒரு கோடையும் கழியும் வரை படகுக்கு முன்பணம் கொடுக்காதீர்கள்.