கிணற்று மோட்டாருக்கு "கையாலேயே மாட்டும்" சல்லடை: தக்கலை, மார்த்தாண்டம் பக்கம் இருப்பவர்கள் கவனத்துக்கு

வீட்டுக் கிணற்றில் மோட்டார் வைத்திருப்பவர்கள், முக்கியமாக ஊரில் அப்பா அம்மாவைத் தனியாக விட்டுவிட்டு வெளியூரில் வேலை பார்ப்பவர்கள், இதைக் கொஞ்சம் பொறுமையாகப் படியுங்கள். ஒரு டெம்போவில் தெருத்தெருவாக வந்து, "புட் வால்வுக்குப் பதிலா இதை மாட்டுங்க, பிளம்பர் வேண்டாம், அஞ்சு நிமிஷ வேலை" என்று சொல்லி ஒரு சல்லடையை விற்கிறார்கள். (புட் வால்வு என்பது கிணற்றுக் குழாயின் அடிமுனையில் மாட்டும் ஒருவழி வால்வு; குழாயில் ஏறிய தண்ணீர் திரும்பி இறங்காமல் அதன் மடல் மூடிக்கொள்ளும்.) சித்திரைக் கடைசியில் அம்மா அதை வாங்கினார். மூன்று வாரத்தில் மோட்டார் போய்விட்டது.

எங்கள் வீட்டுக் கிணறு வெட்டுக்கல் கிணறு. 26 அடி ஆழம். மழைக்காலத்தில் கைக்கெட்டும் தூரத்தில் தண்ணீர் நிற்கும், கோடையில் 19 அடிக்கு இறங்கிவிடும். கிணற்றை ஒட்டி ஒரு பலா, இரண்டு மா. சருகு விழாத நாளே கிடையாது. அப்பா இருந்தபோது போட்ட கனமான பித்தளைப் புட் வால்வு 11 வருடமாக அதே கிணற்றில் கிடந்தது. வருடத்துக்கு ஒரு தடவை குழாயைத் தூக்கி, அதன் அடியில் ஒட்டியிருக்கும் சருகையும் பாசியையும் வழித்துப் போட்டால் போதும், மறுபடி ஓடும். இந்த வருடம் தண்ணீர் கொஞ்சம் மெதுவாக வருகிறது என்று அம்மா பக்கத்து வீட்டில் சொல்லிக்கொண்டிருந்திருக்கிறார். டெம்போக்காரர்கள் வந்தது அந்த நேரத்தில்தான்.

அவர்கள் காட்டிய செய்முறையை அம்மா எனக்கு விவரமாகச் சொன்னார். ஒரு பெரிய வாளி நிறையத் தெளிந்த தண்ணீர். பக்கத்தில் சின்ன மோட்டார். அதன் குழாய் முனையில் இந்தச் சல்லடை. வாளிக்குள் ஒரு பிடி மணலையும் நாலு இலையையும் போட்டார்களாம். மோட்டார் ஓடியது, மணலும் இலையும் வாளியிலேயே நின்றன, தண்ணீர் மட்டும் பளிச்சென்று வந்தது. பார்க்கிற யாருக்கும் நம்பிக்கை வரும். விலை 1,150 ரூபாய், ஆறு மாத கேரண்டி, மாட்டித் தருவதற்குக் கூலி இல்லை. அம்மா ரொக்கமாகக் கொடுத்தார். மாட்டிவிட்டுக் கிளம்பும்போது, "இந்தப் பழசு உங்களுக்கு எதுக்கும்மா, நாங்க எடுத்துட்டுப் போறோம்" என்று பித்தளை வால்வையும் டெம்போவில் போட்டுக்கொண்டு போய்விட்டார்கள். பழைய பித்தளை கிலோவுக்கு என்ன விலை போகிறது என்று எந்தக் கடையில் வேண்டுமானாலும் கேட்டுப் பாருங்கள்.

வாளியில் ஓடியது கிணற்றில் ஏன் ஓடவில்லை என்பது பிறகுதான் எனக்குப் புரிந்தது. மேலே இருக்கும் மோட்டார் தண்ணீரை இழுப்பது என்று நாம் சொல்வது, உண்மையில் காற்றழுத்தம் கீழேயிருந்து தண்ணீரைக் குழாய்க்குள் தள்ளிவிடுவதுதான். அந்த அழுத்தம் கணக்குப்படி சுமார் 10 மீட்டர் வரைக்கும் தள்ளும். குழாய் உராய்வு, வளைவு, வால்வு எல்லாம் போக, நடைமுறையில் 7 மீட்டர், அதாவது 23 அடி ஏறினாலே பெரிது. எங்கள் கிணற்றில் 19 அடி ஏற்றத்துக்கே போய்விடுகிறது. மிச்சம் இருப்பது நாலே அடிக்கான பலம். அந்த நாலு அடியை ஒரு நெருக்கமான வலை தின்றுவிட்டால் மோட்டாருக்கு எதுவும் மிஞ்சாது. வாளியில் ஏற்றமே இல்லை, அதனால் டீ வடிகட்டியை மாட்டினாலும் ஓடும்.

முதல் நாலு நாள் நன்றாகத்தான் ஓடியது. அப்புறம் காலையில் சுவிட்ச் போட்டால் தண்ணீர் ஏறவில்லை. குழாயில் நின்ற தண்ணீர் ராத்திரியோடு ராத்திரியாகக் கிணற்றுக்கே திரும்பிவிடும். மரையில் இறுக்கி மாட்டவேண்டிய இடத்தில் அவர்கள் ஒரு ரப்பர் உறையைச் சொருகி, மேலே கிளிப் போட்டிருந்தார்கள். "கையாலேயே மாட்டலாம்" என்பதன் அர்த்தம் இதுதான். கசிந்தது அந்த ரப்பர் வழியாக. 72 வயதில் அம்மா தினமும் காலையில் குடத்தைத் தூக்கி, மோட்டார் மேல் இருக்கும் அடைப்பைத் திருகி, தண்ணீர் ஊற்றி, காற்று போகும்வரை காத்திருந்து மோட்டார் போட்டிருக்கிறார். என்னிடம் போனில் ஒரு வார்த்தை சொல்லவில்லை. அதை நினைத்தால் இப்போதும் மனசு ஆறவில்லை.

மூன்றாவது வாரம் மோட்டாரின் சத்தம் மாறியது. "உள்ளே கூழாங்கல்லைப் போட்டு உருட்டுற மாதிரி" என்று அம்மா சொன்னார். இந்தச் சத்தத்தை எல்லோரும் ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள். உறிஞ்சும் பக்கம் அடைபட்டால் உள்ளே அழுத்தம் ரொம்பவும் குறைந்து, தண்ணீரே ஆவிக் குமிழியாகி, இம்பெல்லர் (உள்ளே சுழன்று தண்ணீரைத் தள்ளும் சக்கரம்) மேல் வெடித்து வெடித்து அதை அரிக்கிறது. அந்தச் சத்தம் கேட்டால் உடனே மோட்டாரை நிறுத்த வேண்டும். அம்மாவுக்கு அது தெரியாது. அடுத்த நாள் சுவிட்சைப் போட்டுவிட்டுச் சாமி கும்பிடப் போயிருக்கிறார். திரும்பி வந்தபோது ரப்பர் எரிந்த வாடை, மோட்டாரைத் தொட முடியாத சூடு.

நான் கோயம்புத்தூரிலிருந்து கிளம்பி வந்தேன். மோட்டாருக்குக் காயில் (கம்பிச் சுற்று) கட்டும் கடைக்கார அண்ணாச்சி மோட்டாரைப் பிரித்தார். உள்ளே தண்ணீர் வெளியே கசியாமல் தடுக்கும் மெக்கானிக்கல் சீல், கார்பன் வளையமும் செராமிக் வளையமும் ஒன்றோடொன்று உரசி ஓடும் சாமான், கீறல் விழுந்து கருகிக் கிடந்தது. அதைக் குளிர்விப்பதே உள்ளே ஓடும் தண்ணீர்தான். தண்ணீர் இல்லாமல் ஓடினால் சில நிமிடங்களே தாங்கும். காயிலும் போய்விட்டது. இம்பெல்லரைச் சுற்றி முடி போல மெல்லிய கம்பித் துண்டுகள். "தம்பி, இது எங்கருந்து வந்துச்சு?" என்று இடுக்கியால் ஒவ்வொன்றாக இழுத்து என் உள்ளங்கையில் வைத்தார். சல்லடையைக் கழற்றிப் பார்த்தபோது விடை கிடைத்தது. மேல் வலை மடிப்பு ஓரத்தில் கிழிந்திருந்தது. ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் என்று சொல்லி விற்ற வலை, மூன்றே வாரத்தில் துருப்பிடித்திருந்தது. உள்ளே மடல் மூடுகிற இடத்திலும் இரண்டு கம்பி சிக்கி, மடலை மூடவிடாமல் பிடித்துக்கொண்டிருந்தது.

அன்றைக்கு ராத்திரி திண்ணையில் உட்கார்ந்து வலையை உரித்துவிட்டு, உள்ளே இருந்த பிளாஸ்டிக் கூட்டின் துளைகளை எண்ணினேன். 64 துளை, ஒவ்வொன்றும் 3 மில்லிமீட்டர். ஒரு துளையின் பரப்பு சுமார் 7 சதுர மில்லிமீட்டர், மொத்தம் சுமார் 450. எங்கள் 1 இஞ்ச் குழாயின் வாய் மட்டுமே சுமார் 500. உறிஞ்சு குழாயில் மாட்டும் சல்லடையின் துளைகள் எல்லாம் சேர்ந்து குழாய் வாயைப்போல் குறைந்தது மூன்று நான்கு மடங்கு இருக்க வேண்டும், பாதி அடைபட்டாலும் தண்ணீர் வரவேண்டும் என்பதற்காக. இதில் ஒரு மடங்குகூட இல்லை. அதற்கும் மேலே ஒரு நெருக்கமான வலை, வலையில் மாவடுப் பிஞ்சும் பாசியும் சேர்ந்து அப்பிக் காய்ந்த களிம்பு. வாங்கும்போது கடையிலேயே துளையை எண்ணுங்கள், ஒரு நிமிட வேலை. எண்ணவிடவில்லை என்றால் வாங்காதீர்கள்.

செலவு: சீல், காயில், இம்பெல்லர், கூலி சேர்த்து 3,900 ரூபாய். புதிய வால்வு 780. சல்லடைக்குக் கொடுத்த 1,150 தனி.

டெம்போக்காரர்கள் அம்மாவிடம் கொடுத்திருந்த சீட்டில் இருந்த நம்பருக்குப் போன் செய்தேன். முதலில் மோட்டார் பழசு என்றார்கள். மோட்டாருக்கு நாலு வயதுதான் என்றதும் கிணறு சுத்தமில்லை என்றார்கள். கிணறு சுத்தமாக இருந்தால் சல்லடை எதற்கு என்று கேட்டேன். "கேரண்டி பீஸுக்குத்தான் சார், மோட்டாருக்கு இல்ல. வேணும்னா இன்னொரு பீஸ் தர்றோம்." பித்தளை வால்வைத் திருப்பிக் கொடுங்கள் என்றதற்கு, அது ஆக்கர் கடைக்கு (பழைய சாமான் கடை) போய்விட்டது என்றார்கள். அதன் பிறகு போனை எடுக்கவில்லை. அந்தச் சீட்டை எடுத்துப் பார்த்தால் மேலே "எஸ்டிமேட்" என்று அச்சடித்திருக்கிறது, அதாவது அது பில்லே இல்லை. கடை முகவரி இல்லை, ஜி.எஸ்.டி. எண் இல்லை, தேதிகூட இல்லை. அட்டைப்பெட்டியிலும் தயாரித்தவர் பெயரோ அதிகபட்ச விலையோ கிடையாது. பெட்டியில் அடைத்து விற்கும் பொருளுக்கு இவை கட்டாயம்.

நுகர்வோர் உதவி எண் 1915-க்குப் புகார் சொல்லியிருக்கிறேன். 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தில் பில் கொடுக்காமல் விற்பதே முறையற்ற வணிகம்தான். பில்லில் வேறு கெடு போடாதவரை, பழுதான பொருளை 30 நாளுக்குள் திரும்பக் கொடுத்தால் வாங்க மறுப்பதும் அப்படியே. மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் 5 லட்சம் வரையிலான பொருளுக்கு மனுக் கட்டணமும் இல்லை. எங்களுக்குள்ள சிக்கல், ரொக்கமாகக் கொடுத்ததால் பணம் போனதற்குச் சாட்சி இல்லை. போனில் அனுப்பியிருந்தால் பெயராவது பதிவாகியிருக்கும்.

இப்போது மாட்டியிருப்பது ஐ.எஸ்.ஐ. முத்திரையுள்ள பித்தளைப் புட் வால்வு, புட் வால்வுக்கான இந்தியத் தர எண் ஐ.எஸ். 10805 என்று உடலிலேயே பொறித்தது. மரையில் டெஃப்லான் டேப் சுற்றி இறுக்கினோம். அடித்தரையிலிருந்து இரண்டு அடி மேலே தொங்குகிறது, சகதி ஏறாது. இலைக்கு வைத்தியம் கிணற்றுக்கு மேலே: நம் பக்கத்தில் பல வீட்டில் போடுகிற நைலான் வலைதான். சின்னச் சின்ன மணலை வடிகட்ட வேண்டுமென்றால் அந்த நெருக்கமான வடிகட்டி மோட்டாருக்கு அப்புறம், டேங்குக்குப் போகும் குழாயில் வரவேண்டும். அங்கே அடைத்தாலும் தண்ணீர் குறையுமே தவிர, உறிஞ்சும் பக்கம் வறளாது. அண்ணாச்சி இதைச் சொல்லிவிட்டு, "அம்மாட்ட சொல்லி வை தம்பி, சத்தம் மாறுனா ஸ்விட்ச ஆஃப் பண்ணிட்டு எனக்கு ஒரு மிஸ்டு கால் போதும்" என்றார். அவருடைய நம்பரை அம்மா சுவிட்சுக்குப் பக்கத்துச் சுவரில் கரியால் எழுதி வைத்திருக்கிறார்.

போன வாரம் அதே டெம்போ கீழத்தெருவில் நின்றதாக அம்மா போனில் சொன்னார். யாராவது ஏற்கெனவே வாங்கி மாட்டியிருந்தால் முதலில் மோட்டாரை நிறுத்துங்கள். சல்லடையையும் சீட்டையும் பெட்டியையும் தூக்கிப் போடாமல் வைத்திருங்கள், டெம்போ வந்தால் நம்பர் பலகையைப் படம் எடுங்கள், எனக்கும் அனுப்புங்கள். நாலைந்து பேர் சேர்ந்தால் ஆணையத்தில் ஒரே மனுவாகக் கொடுக்கலாம். அப்பா வாங்கிப் போட்ட அந்தப் பித்தளை வால்வையும் அந்த மனுவில் எழுதிக் கேட்கப்போகிறேன்.