இல்லமா, தத்து மையமா, வீட்டுக்கே உதவியா?

தொண்டிப் பக்கம் படகு வைத்திருக்கும் அண்ணன் ஒருவர், "கருவாட்டுக் குடோனு சும்மா கிடக்கு தம்பி, ஆதரவில்லாத பிள்ளைகளுக்கு ஒரு இல்லம் ஆரம்பிப்போமா?" என்றார். டேப்பைப் பிடித்து அளந்தோம். நாற்பதுக்கு இருபத்திரண்டு, 880 சதுர அடி. சுவரை விட்டு உப்பு வாடை இன்னும் போகவில்லை. இப்படிப்பட்ட இல்லங்களுக்கான இளைஞர் நீதி மாதிரி விதிகளின்படி (2016) 25 பிள்ளைகள் படுக்க மட்டும் 1,000 சதுர அடி வேண்டும். சமையலறை, நோயறை, கழிப்பறை எல்லாம் அதற்கு மேல்.

இல்லம் என்றால் இளைஞர் நீதிச் சட்டம் 2015, பிரிவு 41. பதிவு 5 ஆண்டு செல்லும், பிறகு புதுப்பிக்க வேண்டும். டிரஸ்ட் பத்திரம், நிர்வாகிகள் பட்டியல், யாருக்காவது தண்டனை உண்டா என்ற உறுதிமொழி எல்லாம் ஒரு வாரத்தில் தேறிவிடும். இடறுவது கடந்த 3 ஆண்டுக் கணக்கில்தான். நேற்று ஆரம்பித்த டிரஸ்டுக்கு அது எங்கிருந்து வரும்?

வெளியூர்ப் பணத்தை நம்புவதிலும் ஒரு சிக்கல். வளைகுடாவில் இருக்கும் மச்சான் இந்தியப் பாஸ்போர்ட்டோடு தன் சம்பளத்தை வங்கி வழியாக அனுப்பினால் பிரச்சினை இல்லை. வேறு நாட்டுக் குடியுரிமை வாங்கியவர் கொடுத்தால் அது வெளிநாட்டு நன்கொடை. அதற்குத் தனிப் பதிவு வேண்டும். பொதுவாக டிரஸ்டுக்கு 3 வயது ஆகியிருக்க வேண்டும், 15 லட்சம் சேவைக்குச் செலவழித்திருக்க வேண்டும்.

"ஹாஸ்டல்னு லைசென்ஸ் வாங்கிக்கலாமே" என்று யாராவது சொல்வார்கள். கேட்காதீர்கள். வேறு எந்த லைசென்ஸ் இருந்தாலும் ஆதரவற்ற பிள்ளைகளை வைத்திருக்கும் இல்லம் பிரிவு 41 பதிவை வாங்கியே ஆக வேண்டும். வாங்காமல் நடத்தினால் ஓராண்டு வரை சிறை, அல்லது 1 லட்சத்துக்குக் குறையாத அபராதம், அல்லது இரண்டும். தாமதமாகும் ஒவ்வொரு 30 நாளும் தனிக் குற்றம். 2001 ஆகஸ்டில் ஏர்வாடியில் சங்கிலியில் கட்டிக் கிடந்த மனநோயாளிகள் 28 பேர் தீயில் போனார்கள். அது பிள்ளைகள் இல்லமல்ல. ஆனாலும் கேட்பாரில்லாத காப்பகம் என்றால் என்ன என்று இந்தக் கடற்கரைக்கு யாரும் சொல்லித் தரத் தேவையில்லை.

தத்து மையம் இன்னும் ஒரு படி மேலே. பிரிவு 65-ன் கீழ் அரசு அங்கீகாரம் தனியாக வேண்டும். கைக்குழந்தைகள் என்பதால் இரவு பகலாக ஆள் வேண்டும். தத்தெடுக்க வருகிறவர்களிடம் விதித்த கட்டணம் தவிர நன்கொடை என்று ஒரு ரூபாய் வாங்கக் கூடாது. ஆர்வத்தில் இறங்குகிற வேலையல்ல. அண்ணனிடம் அப்போதே வேண்டாம் என்றேன்.

மூன்றாவது, நிதி ஆதரவு. பிள்ளை தாயோடு, பாட்டியோடு வீட்டிலேயே இருக்கும். மிஷன் வாத்சல்யா என்ற அரசின் குழந்தைகள் நலத் திட்டத்தில் பிள்ளைக்கு மாதம் 4,000 ரூபாய். குடும்ப வருமானம் கிராமத்தில் ஆண்டுக்கு 72,000-க்குள். கணவனை இழந்த தாயின் பிள்ளைகளும் இதில் வருவார்கள். இல்லத்துப் பிள்ளைக்கு அதே திட்டத்தில் பராமரிப்புச் செலவு 3,000 (ஊழியர் சம்பளம் தனி). தனி ஆள் ஒரு பிள்ளையை ஆதரிக்கவும் பிரிவு 45 இடம் தருகிறது. கட்டடம் வேண்டாம். மாவட்டக் குழந்தைகள் பாதுகாப்பு அலகில் போய்ப் பேசினால் வழி சொல்வார்கள். என் ஓட்டு இதற்குத்தான்.

அண்ணனுக்கு முழுத் திருப்தி இல்லை. வாசலில் பெயர்ப்பலகை மாட்டும் ஆசை இருந்தது போல. டேப்பைச் சுருட்டிக்கொண்டே, கடலுக்குப் போய்த் திரும்பாதவர்களின் வீடுகளை விரல்விட்டு எண்ணினார். அவர் தெருவில் மட்டும் மூன்று.