ஆம்பூர் எக்ஸ்போர்ட் ரிஜெக்ட் பூட்ஸ்: டொராண்டோவில் ஒரு குளிர்காலம் போட்டுப் பார்த்ததில்

தோலுக்கும் தையலுக்கும் நூற்றுக்குத் தொண்ணூற்றைந்து போடலாம். அடிக்கு, அதாவது சோலுக்கு, முப்பதுக்கு மேல் போட மனசு வரவில்லை. 2023 நவம்பரில் டொராண்டோவுக்கு வேலைக்குக் கிளம்பும்போது ஆம்பூரில் ஒரு கடையில் இரண்டு ஜோடி வாங்கினேன். கடைப் பெயரைப் போடவில்லை. குறையும் சொல்லப்போகிறேன், கடைக்கார பாய் நாளைக்கும் அம்மாவைத் தெருவில் பார்க்க வேண்டியவர்.

எக்ஸ்போர்ட் ரிஜெக்ட் தெரியாதவர்களுக்கு: ஆம்பூர், வாணியம்பாடி, ராணிப்பேட்டை ஷூ கம்பெனிகளில் வெளிநாட்டு ஆர்டருக்குத் தைத்ததில், தோலில் கொசுக்கடி மாதிரி ஒரு புள்ளி இருந்தால் போதும், கழித்துவிடுவார்கள். ஆர்டர் ரத்தாகி மிஞ்சியதும் அதில் கலந்து வரும். பெட்டி இருக்காது, இருந்தால் வேறு ஏதோ ஷூவின் பெட்டியாக இருக்கும். சைஸ் 42 என்று ஐரோப்பிய நம்பர் போட்டிருக்கும். நம் ஊர்க் கணக்கில் அது 8, கனடாவில் கேட்டால் 9.

அம்மாவையும் கூட்டிப் போனேன். பத்தொன்பது வருஷம் ஷூ கம்பெனியில் அப்பர், அதாவது ஷூவின் மேல்பாகம், தைத்தவர். விலையைக் கேட்கும் முன்னே பூட்ஸுக்குள் கையை விட்டு, கணுக்கால் பக்கத்துத் தையலைத் தடவினார். பிறகு பூட்ஸின் நாக்கை வெளியே இழுத்து, வெட்டுப்பட்ட ஓரத்தை வெளிச்சத்தில் பிடித்தார். லேசான நீலச் சாம்பல் தெரிந்தது. குரோம் போட்டுப் பதப்படுத்திய தோல். ஊரில் வெட் புளூ என்பார்களே, அந்த நீலத்தின் மிச்சம். கட்டைவிரலால் முன்பக்கத்தை அழுத்தினார். மயிரிழை மாதிரி சுருக்கம் விழுந்தது, விரலை எடுத்ததும் காணோம்.

“தோலு நல்லாகீது. இது இன்னா பாய் அடி, கல்லு மாறி கீது?”

“ஃபாரின் சோலும்மா, தேயவே தேயாது.”

அது உண்மைதான், இன்றுவரை தேயவில்லை. ஜோடி 1,700 சொன்னார், இரண்டையும் 3,000-க்கு முடித்தோம்.

டொராண்டோவில் முதல் மூன்று வாரம் நடையோ நடை. வேலை செய்ய அரசு தரும் சின் நம்பர் வாங்க ஒரு நாள், வங்கிக் கணக்குக்கு ஒரு நாள், அப்புறம் ஸ்கார்பரோவில் வீடு தேடி அலைந்ததற்குக் கணக்கே இல்லை. முதல் மாத வாடகையோடு கடைசி மாத வாடகையையும் முன்னாலேயே கேட்பார்கள், கையில் இருந்த பணம் பாதியானது அங்கேதான். அத்தனை நடையிலும் காலில் ஒரு கொப்புளம் இல்லை. நவம்பர் மழையில் ஒரு சொட்டு உள்ளே வரவில்லை. இந்த இடத்தில் விமர்சனத்தை முடித்திருந்தால் ஐந்து நட்சத்திரம் கொடுத்திருப்பேன்.

கடைசியில் ஒரு யாழ்ப்பாணத்து அங்கிள் வீட்டு பேஸ்மென்டில் இடம் கிடைத்தது. வாசலில் ஒரு பிளாஸ்டிக் தட்டு, எல்லாரும் பூட்ஸை அதில் கழற்றி வைத்துவிட்டுத்தான் உள்ளே போக வேண்டும். நம் வீடு மாதிரியே என்று நிம்மதியாக இருந்தது. அங்கிள் என் பூட்ஸைக் கையில் எடுத்துத் திருப்பிப் பார்த்தார்.

“தம்பி, உந்தச் சப்பாத்தோட ஸ்நோவுக்குள்ள போகேலாது. வழுக்கும், கவனம்.”

ஷூ தைத்தே பிழைக்கிற ஊரில் பிறந்த எனக்கு அதற்குச் சப்பாத்து என்று ஒரு பெயர் இருப்பது அன்றைக்குத்தான் தெரிந்தது. பெயரில் லயித்துப்போய் எச்சரிக்கையைக் கோட்டை விட்டேன்.

பத்து நாள் கழித்து, மைனஸ் 12. பால் வாங்கிக்கொண்டு வந்தேன். இங்கே நான்கு லிட்டர் பாலை மூன்று பையாக, ஒரே கவரில் போட்டுக் கொடுப்பார்கள். நடைபாதையில் ஈரம்தானே என்று கால் வைத்தேன். ஈரமில்லை, கண்ணாடி மாதிரி உறைந்த ஐஸ். இரண்டு காலும் ஒரே திசையில் போக, நான் வேறு திசையில் உட்கார்ந்தேன். ஒரு பை வெடித்தது. குளிரில் அந்த அடி பலகையாக இறுகிப்போயிருந்தது. கையால் வளைத்துப் பார்த்தேன், அசையவில்லை. பனிக்கென்று செய்த பூட்ஸில் ரப்பர் குளிரிலும் மெத்தென்று வளையும், பள்ளமும் ஆழமாக இருக்கும். அம்மா சொன்ன கல்லு இதுதான்.

அடுத்தது உப்பு. ஐஸ் உருக நகரம் முழுக்க உப்பைத் தூவுகிறார்கள். காய்ந்ததும் தோலில் வெள்ளை வெள்ளையாக வரைபடம் போட்டுவிடும். நைனாவுக்குப் போட்டோ அனுப்பினேன். அவர் தோல் பதனிடும் டேனரியில் இருந்தவர். “ஊற வெச்சி உப்ப எடுத்துதான் தோலே செய்றோம், மறுபடி உப்புல எறக்கிட்டியா?” என்றார். பச்சைத்தோல் கெடாமல் இருக்க உப்புப் போட்டுத்தான் டேனரிக்கு வரும். அதைக் கழுவிய தண்ணீர் பாலாற்றில் கலந்து, 1996-இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்புச் சொல்லும் அளவுக்குப் போனது. எங்கள் தெருக் கிணற்றுத் தண்ணீரை நான் வாயில் வைத்ததே கிடையாது. உப்பிடம் தப்பித்து இவ்வளவு தூரம் வந்தால் அது காலடியில் கிடக்கிறது. சரி, வைத்தியம் சுலபம்: தண்ணீரில் கொஞ்சம் வினிகர் கலந்து துணியால் துடைத்து, காய்ந்ததும் பாலிஷ் போட வேண்டும். நான்கு மாதம் அப்படித் துடைத்தும் தோல் எங்கேயும் வெடிக்கவில்லை, தையலில் ஒரு நூல் பிரியவில்லை.

இரண்டாவது ஜோடிதான் வயிற்றெரிச்சல். வசந்தத்துக்கு என்று பயணப் பெட்டியிலேயே வைத்திருந்தேன். ஏப்ரலில் போட்டுக்கொண்டு கென்னடி ஸ்டேஷன் போய்ச் சேர்வதற்குள் அடி ரஸ்க் மாதிரி உதிர்ந்துவிட்டது. அது பி.யு. சோல், பாலியூரித்தேன் என்ற பிளாஸ்டிக். காற்றிலிருக்கும் ஈரத்தை இழுத்து, போடாமல் வைத்திருந்தாலும் சில வருஷத்தில் தானாக உதிரும். கோடவுனில் எத்தனை வருஷம் கிடந்ததோ! அம்மா கடைக்குப் போய்க் கேட்டார். ரிஜெக்டுக்கு ஏதும்மா கேரண்டி என்ற பாய், கடைசியில் ஒரு செருப்பில் முந்நூறு குறைத்துக் கொடுத்தாராம்.

பனிக்கு இங்கேயே ஒரு பூட்ஸ் வாங்கினேன். சீட்டில் 140 டாலர், கல்லாவில் 13 சதவீத வரி சேர்ந்து 158.20. அம்மாவுக்குக் காட்டினால் தையலைப் பார்த்துச் சிரிப்பார், ஆனால் வழுக்கவில்லை.

ஆம்பூரில் வாங்கிப் போகிறவர்கள் தடித்த சாக்ஸுக்கு இடம் விட்டு ஒரு சைஸ் பெரிதாக எடுங்கள். அடியை நகத்தால் அழுத்துங்கள்; மாவாக உதிர்ந்தாலோ பிசுபிசுத்தாலோ வைத்துவிட்டு வாருங்கள். ஆபீஸுக்கும் மழைக்கும் இதைவிட நல்ல தோல் இந்த விலையில் கிடைக்காது. நான் அடுத்த மாதம் ஊருக்குப் போகிறேன். அங்கிள் ஒரு காகிதத்தில் கால் வைத்துப் பேனாவால் சுற்றி வரைந்து கொடுத்திருக்கிறார், சம்மருக்குப் போட ஒரு ஜோடி சப்பாத்து வேண்டுமாம்.